காப்பகத்தில் விடும் நாய்க்குத் தெள்ளுக் காப்பு

கண்டியைச் சூழ்ந்த வயல்களையும் மரக்கறித் தோட்டங்களையும் காட்டுப்பன்றியினின்றும் காப்பதில் நாய்க்குப் பெரும் பங்குண்டு. கமக்காரர் கதிர்காம யாத்திரை செல்லுங்கால் அதனை நாய்க் காப்பகத்தில் விடுவாராயின், முன்னரே தெள்ளுக்குக் காப்புச் செய்தல் வேண்டும். தெள்ளு பிற நாய்களிலிருந்து மாத்திரம் வருவதன்று. அதன் முட்டைகள் தரையில் உதிர, புழுக்கள் வெடிப்புகளில் வளர்ந்து கூடு கட்டும். கூட்டினுட் சில மாதங்கள் வரை காத்திருந்து, நாயின் நடமாட்டத்தையும் உடற்சூட்டையும் உணர்ந்ததும் வெளிப்படும். ஆகையால் வெறுமையாய்க் கிடந்த கூண்டும் ஐயத்திற்குரியதே.

பயிருக்குத் தெளிக்கும் கிருமிநாசினியையே நாய்மேல் ஊற்றுவாருமுளர். சிக்கனங் கருதியே செய்கின்றனர். ஆயினும் இது பெருந்தவறு. நஞ்சு தோலினூடும் ஏறும். நக்குதலால் வயிற்றினுள்ளும் செல்லும். நாய் நுரைதள்ளி, நடுங்கி, இறத்தலுங் கூடும்.

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையிலோ, அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்தியரிடமோ நாயைக் காட்டி, அதன் எடைக்கேற்ற மருந்தைப் பெறுக. பிடரியில் இடும் மருந்தாயின் புறப்பட இரண்டு நாட்களுக்கு முன்னரே மயிரை விலக்கித் தோலில் இடுக. அவ்விரு நாட்களும் குளிப்பாட்டலாகாது. பெர்மெத்திரின் கலந்த நாய்மருந்து பூனைக்கு நஞ்சாதலின் வீட்டுப் பூனையை விலக்கி வைக்க.

திரும்பியதும் ஈர வெள்ளைத் துணிமேல் நாயை நிறுத்தி நெருக்கமான சீப்பினால் வாருக. விழும் கருந்துகள் செந்நிறமாய்க் கசியுமாயின், அது தெள்ளின் எச்சம், நாயின் குருதியே. அன்றே படுக்கைச் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துக.