இலவச மென்பொருளை அப் ஸ்டோர் ஏன் அகற்றியது?

பாடசாலைக் கணினியில் ஒரு காணொளி திறக்க மறுத்தால் நாங்கள் தேடுவது செம்மஞ்சள் கூம்பு அடையாளம் கொண்ட வீஎல்சி மென்பொருளைத்தான். எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2001இல் ஜீபிஎல் என்ற உரிமத்தின் கீழ் பொதுவில் வெளியிடப்பட்டது. 2010இல் ஐபேடுக்கும் ஐபோனுக்கும் வந்த அதே வீஎல்சியை, 2011 ஜனவரியில் அப்பிள் தனது அப் ஸ்டோரிலிருந்து அகற்றிவிட்டது. முறைப்பாடு செய்தவர் வெளியாள் அல்லர். வீஎல்சியை எழுதியவர்களில் ஒருவரான ரெமி டெனி-கூர்மோன்.

தன் மென்பொருள் பரவுவதை ஒருவர் ஏன் தடுக்க வேண்டும் என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஜீபிஎல் என்றால் "காசு வாங்கக் கூடாது" என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. விற்கலாம். ஆனால் வாங்குபவருக்கு மூல நிரலும், அதை மாற்றும், பிரதியெடுக்கும், பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் சேர்ந்தே போக வேண்டும். அதன் இரண்டாம் பதிப்பின் 6ஆம் பிரிவு, இடையில் நிற்பவர் மேலதிகக் கட்டுப்பாடு எதையும் போடக் கூடாது என்கிறது. விதைநெல் தந்தவர் "விதையுங்கள், பிறருக்கும் கொடுங்கள்" என்று சொல்லித் தர, கடைக்காரர் "இன்ன வயலில் மட்டும்தான்" என்று பையில் ஒட்டி விற்றால் எப்படி?

அப் ஸ்டோரின் நிபந்தனைகள் அப்படித்தான் இருந்தன. 2010 மே மாதம் க்னூ கோ என்ற விளையாட்டும் இதே காரணத்தால் அகற்றப்பட்டது. அப்போதைய விதி, ஐந்து சாதனங்களுக்கு மேல் பயன்படுத்த விடவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சுட்டிக்காட்டியபோது அப்பிள் விதியைத் திருத்தவில்லை, விளையாட்டைத்தான் எடுத்தது. கம்பனிக்கு அதுவே சுலபம்.

ஆண்ட்ராய்டில் சிக்கல் இவ்வளவு கூர்மையாகவில்லை. அங்கே கடைக்கு வெளியிலிருந்தும் ஒரு செயலியை நிறுவ வழி உண்டு.

ரெமியைத் திட்டியவர்கள் ஏராளம். ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு இழப்புத்தான், மறுக்கவில்லை. ஆனாலும் சட்டப்படி அவர் பக்கமே சரி என்பது என் கருத்து. கூட்டாக எழுதிய மென்பொருளில் ஒவ்வொருவரும் தான் எழுதிய வரிகளுக்குச் சொந்தக்காரர். ஒருவர் கொடுத்த நிபந்தனையை, ஏனையோருக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக மீற முடியாது.

வீஎல்சி திரும்பிவந்த கதை இதைவிட முக்கியம். உரிமத்தைத் தளர்த்த, பல வருடங்களாக நிரல் எழுதித் தந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. எப்போதோ நாலு வரி எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போனவரையும்கூட. சம்மதம் கிடைக்காத பகுதியைப் புதிதாக எழுத வேண்டும். அந்த வேலையெல்லாம் முடிந்து, 2013 ஜூலையில்தான் அது மீண்டும் அப் ஸ்டோரில் ஏறியது.

தகவல் தொழில்நுட்பம் படிக்கும் நமது பிள்ளைகள் இப்போது தொழுகை நேரம், பாடக் குறிப்பு என்று சொந்தமாகச் செயலிகள் செய்கிறார்கள். முழுவதையும் தானே எழுதினால் பிரச்சினை இல்லை. உரிமையாளர் தான் விரும்பிய உரிமத்தில் கடைக்குக் கொடுக்கலாம். இணையத்தில் எடுத்த நிரலைச் சேர்க்கும்போதுதான் கவனம் தேவை. அந்த நிரலோடு வரும் உரிமக் கோப்பை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதன் பெயர் பெரும்பாலும் 'லைசென்ஸ்' அல்லது 'கொப்பியிங்' என்றிருக்கும்.