நியாயாசனத்தின் காவல்

கால் காணி நிலத்துக்காக வழக்குத் தொடுத்த ஓர் ஏழைக் குடியானவன் வாதியாகவும், சகல பலமும் பொருந்திய சர்க்கார் பிரதிவாதியாகவும் ஒரே நியாயஸ்தலத்தில் நிற்கும்போது, படையும் பொக்கிஷமும் தம் வசத்தில் இல்லாத ஒரு மனிதர் இருதரப்பையும் கேட்டுச் சொல்லும் வார்த்தைக்கு இருவரும் கட்டுப்படுகிறார்கள் என்பது, நாகரிக வாழ்வின் அதிசயங்களுள் தலையாயது. அந்த வார்த்தைக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்பதை அறிய விரும்புவோர், நீதிபதியின் ஸ்தானம் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

அரசன் விரும்பும்வரைதான் நீதிபதி என்ற நிலைமை இங்கிலாந்திலே நெடுங்காலம் இருந்தது. அரசனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என்று உறுதியாக நின்ற பிரதம நீதிபதி எட்வர்ட் கோக், 1616-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரால் பதவி நீக்கம் செய்யப்பட்டார். நன்னடத்தை உள்ளவரை நீதிபதியை அசைக்கலாகாது என்னும் விதியை 1701-ஆம் ஆண்டுச் சட்டமே அங்கு ஏற்படுத்தியது. ஆயினும், தம் தேசத்து நீதிபதிகளுக்கு அளித்த இந்தப் பாதுகாப்பை ஆங்கிலேயர் இந்தியாவுக்கு அளிக்க முன்வரவில்லை. 1862-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று ராஜதானி நகரங்களிலும் உயர்நீதிமன்றங்கள் தோன்றியபோது, அவற்றின் நீதிபதிகள் மகாராணியின் சித்தமுள்ளவரையே பதவி வகித்தனர். தஞ்சை ஜில்லாவில் வறுமையினிடையே பிறந்து, சொற்பச் சம்பளத்தில் ஒரு சிறு உத்தியோகத்தில் வாழ்வைத் தொடங்கி, சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்த திருவாரூர் முத்துசாமி ஐயரும் அந்த நிபந்தனைக்கு உட்பட்டே ஆசனத்தில் அமர்ந்தார். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டமே அந்த நிபந்தனையை அகற்றியது.

1950-இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சாசனம் இந்தப் பாதுகாப்பைப் பலமுகமாக வகுத்திருக்கிறது. உயர்நீதிமன்ற நீதிபதி 62 வயதுவரையிலும், உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதுவரையிலும் பதவியில் இருக்கலாம். அவர்களுடைய சம்பளம் சட்டசபையின் வாக்கெடுப்புக்கு விடப்படுவதில்லை. கடமையைச் செய்கையில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி, நீக்கத் தீர்மானத்தின்போது பாராளுமன்றத்தில் பேசலாமேயன்றி, மற்றப்படி எந்தச் சட்டசபையிலும் விவாதிக்கலாகாது. அந்த நீக்கமும், துர்நடத்தையோ இயலாமையோ நிரூபிக்கப்பட்டு, பாராளுமன்றத்தின் ஒவ்வொரு சபையிலும் மொத்த அங்கத்தினரில் பெரும்பான்மையோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரித்தால்தான் நிறைவேறும்.

இத்தனை அரண்களும் நீதிபதி என்னும் தனிமனிதரின் சௌகரியத்துக்காகவோ கௌரவத்துக்காகவோ எழுப்பப்பட்டவை அல்ல. செல்வாக்குள்ளவனை எதிர்த்து வழக்காடும் அந்தக் குடியானவனின் சொத்து அவை. ஆகையினால்தான் அவற்றுக்குப் பிரதியாக நீதிபதியிடமும் சில கடமைகள் கோரப்படுகின்றன. அவர் பகிரங்கமான மன்றத்தில் இருதரப்பையும் கேட்க வேண்டும். தம் முடிவுக்குக் காரணங்களை எழுத வேண்டும். அந்தக் காரணங்கள் பிழையானால் மேல்முறையீட்டில் தம் தீர்ப்பு ரத்தாவதை ஏற்க வேண்டும். முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை இந்தத் தர்மம் ஒன்றே.

ஆனால் சட்டம் எழுப்பிய அரணுக்கும் ஓர் எல்லை உண்டு. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-இல், விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்கள் தங்கள் விடுதலைக்காக நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற மகத்தான கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஐவரில் நால்வர் முடியாது என்றனர், எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அவரைப் பதவியிலிருந்து நீக்க யாரும் முற்படவில்லை. சம்பளத்தில் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் 1977 ஜனவரியில், மூப்பின்படி அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு அடுத்திருந்தவருக்கு அளிக்கப்பட்டது. அவர் ராஜினாமாச் செய்தார். நாற்பதாண்டு கடந்து, 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 1976-இல் நால்வர் அளித்த முடிவு தவறென்று தள்ளிவிட்டது.

இருக்கும் பதவியைச் சட்டத்தினால் காக்க முடியும். வரக்கூடிய பதவியைப் பற்றிய ஆசையிலிருந்து நீதிபதியைக் காக்க அதனால் முடியாது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஓய்வுபெற்றபின் இந்நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வக்கீலாக வாதாடலாகாது என்று சாசனம் தடுத்தது இந்த அபாயத்தை ஓரளவு உணர்ந்துதான். எனினும் கமிஷன்கள், ராஜ்யபால் பதவிகள் முதலிய சர்க்கார் நியமனங்களின் வாயில் அவருக்குத் திறந்தே இருக்கிறது. நாளை எதையேனும் தரக்கூடியவர்கள் இன்று கட்சிக்காரராக வந்து நிற்கையில், அச்சமும் பட்சபாதமுமின்றிக் கடமையாற்றுவேன் என்று பதவியேற்ற தினத்தில் செய்த பிரமாணத்தைத் தவிர அவருக்கு வேறு துணை கிடையாது. ஓய்வுக்குப் பின் வரும் நியமனங்களுக்குச் சில ஆண்டுகளாவது இடைவெளி வேண்டும் என்று ஜனங்கள் கோருவது நீதிபதிகளின்மேல் கொண்ட சந்தேகத்தினால் அன்று. அந்தப் பிரமாணத்தைக் காப்பதில் தங்களுக்கும் பங்குண்டு என்ற பொறுப்புணர்ச்சியினாலேயே ஆகும்.