கார்டு பையில்... பணம் மும்பையில்!

மாதம் பிறந்தால் ஆரியசாலைக் கடைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். முன்பு மணியார்டர்; இப்போது ஏ.டி.எம். கார்டும் கைபேசியும். திருடனுக்கும் இது வசதிதான்.

2016 ஆகஸ்டில் இதே நகரில், வெள்ளயம்பலம் ஆல்தறை ஜங்ஷன் ஏ.டி.எம்.மில் ருமேனியா நாட்டு ஆசாமிகள் கைவரிசை காட்டினர். கார்டின் கறுப்புப் பட்டையில் உள்ள விவரத்தை ஒரு கருவி நகலெடுத்தது. அதன் பெயர் ஸ்கிம்மர். அழுத்திய ரகசிய எண்ணை மறைவான கேமரா படம் பிடித்தது. கார்டு சொந்தக்காரரிடமே இருக்க, பணம் மும்பையில் போனது! ஒரு ஆசாமி அங்கேயே பிடிபட்டார். மறு கையால் மறைத்து எண்ணை அழுத்தியிருந்தால் கேமராவுக்கு என்ன கிடைத்திருக்கும்?

பிறகு சிப் கார்டு வந்தது. திருடர்கள் கைபேசிக்கு மாறினர். பாங்கி பெயரில் பொய்ச் செய்தி அனுப்பி விவரம் கறப்பது 'பிஷிங்'. தூண்டில் என்றால் கன்னியாகுமரிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஓ.டி.பி. என்பது ஒரே தடவை திறக்கும் சாவி.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி இது: பாங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வெளியாள் பணத்தைக் களவாடி, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் பாங்கியிடம் சொல்லிவிட்டால், நஷ்டம் வாடிக்கையாளர் தலையில் விழாது. ஓ.டி.பி.யைத் தாமே சொன்னவருக்கோ, புகார் கொடுக்கும்வரை போனது போனதுதான். கார்டு உறையில் ரகசிய எண்ணை எழுதிக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பும் முதலாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் போனது தெரிந்ததும் பாங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே போன் செய்ய வேண்டும்.