தினை மட்டும் போதுமா?

மும்பையில் ஒற்றை அறைக் குடியிருப்புகளின் ஜன்னலோரங்களிலும் ‘லவ் பேர்ட்ஸ்’ கூண்டுகளைக் காணலாம். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு கிளிகளுக்குப் பலர் தினை மட்டுமே போடுகின்றனர். தினையில் வைட்டமின் ‘ஏ’ மிகக் குறைவு; நாளடைவில் பறவை நோயுறும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, காரட் இக்குறையைப் போக்கும்.

ஆனால் புதிய தீனியைக் கண்டால் அவை மிரளும். தினையை ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினி கிடந்தே செத்துப்போகக்கூடும். காலைப் பசியில், கழுவிய ஈரக்கீரையைக் கூண்டுக் கம்பியில் செருகலாம். காரட் துருவலில் தினையைத் தூவலாம். பழக வாரக்கணக்காகும், பொறுமை தேவை. வேலைக்குப் புறப்படுமுன் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கெட்டது வயிற்றைக் கெடுக்கும். பழமென்றால் ஆப்பிள் துண்டு தரலாம். அதன் விதை ஆகாது. வெண்ணெய்ப்பழம் நஞ்சு.

தனிச் செலவில்லை, சமையலுக்கு ஆயும் கீரையில் ஒரு கொத்து போதும்.