நடுவுநிலை நின்ற ஓமந்தூரார்

வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்துள்ளார். திருக்குறளின் 12ஆம் அதிகாரம் அது. நம் திருமறையும் இறைநம்பிக்கையாளரை நடுநிலைச் சமுதாயமாகவே காண்கின்றது. இவ்விரண்டையும் வகுப்பறையில் பன்முறை விளக்கியுள்ளோம். ஆயினும், “நடுநிலை என்றால் இரு சாராரையும் பகைத்துக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்பதுதானே ஐயா?” என்று மாணவர் வினவும்பொழுது, நூலிலிருந்து விடை கூறுவதினும் ஒருவர் வாழ்விலிருந்து விடை கூறுவதே தக்கதெனத் தோன்றுகின்றது. அத்தகைய வாழ்வைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்தை அடுத்துள்ள ஓமந்தூர் வரை சென்றால் போதும்.

உழவர் குடியில் தோன்றிய முதலமைச்சர்

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து ஓமந்தூரில், 1895ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், வேளாண்மைக் குடும்பமொன்றில் பிறந்தவர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனத்து வால்டர் ஸ்கடர் பள்ளியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். வழக்கறிஞரும் பட்டம் பெற்றோரும் நிறைந்திருந்த அக்காலக் காங்கிரசில், அவர் உழவராகவே வாழ்ந்தார். கதராடையும், வள்ளலார்பால் கொண்ட பற்றும், எளிய உணவும் அவருடைய அடையாளங்களாயின.

1946ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் சென்னை மாகாணத்தில் த. பிரகாசம் தலைமையில் அமைந்த அமைச்சரவை ஓராண்டுக்குள் கவிழ்ந்தது. காங்கிரசுக்குள்ளே ராஜாஜியைச் சார்ந்தோர், காமராசரைச் சார்ந்தோர், ஆந்திரத் தலைவர்களைச் சார்ந்தோர் எனப் பல அணிகள் இருந்தன. அந்நிலையில், காமராசர் அணியினரின் ஆதரவோடு, 1947 மார்ச் 23ஆம் நாள் ஓமந்தூரார் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார். அன்று அப்பதவிக்குப் பிரதமர் என்று பெயர். அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபொழுது சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைமையில் இருந்தவர் அவரே. தமிழகமும், ஆந்திரத்தின் பெரும்பகுதியும், மலபாரும், தென்கன்னடமும் அடங்கிய பரந்த மாகாணம் அது.

ஈராண்டில் இயன்றவை

1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை அவர் பதவியில் இருந்த காலம் ஈராண்டும் சில நாட்களுமே. அக்குறுகிய காலத்தில் நிறைவேறிய சட்டங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். ஒடுக்கப்பட்டோர் ஆலயங்களுக்குள் நுழைந்து வழிபட உரிமையளிக்கும் சட்டம் 1947இல் மாகாணம் முழுமைக்குமாக இயற்றப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1920களின் இறுதி முதற்கொண்டு போராடிவந்த தேவதாசி முறை ஒழிப்பும் அவ்வாண்டே சட்டமாயிற்று. மதுவிலக்கு, மாவட்டம் மாவட்டமாக விரிந்து, 1948 அக்டோபரில் மாகாணமெங்கும் நடைமுறைக்கு வந்தது. 1802ஆம் ஆண்டு ஆங்கிலக் கும்பினியார் வேரூன்றச் செய்த ஜமீன்தாரி முறையை ஒழித்து, உழுவோரை அரசின் நேரடிப் பட்டாதாரர்களாக்கும் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது.

தமிழ்த்துறையினராகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவையும் உள. அவருடைய அமைச்சரவையில் கல்வியமைச்சராக விளங்கிய தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் தமிழ்க் கலைக்களஞ்சியப் பணி 1947இல் தொடங்கிற்று. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, பத்துத் தொகுதிகளாக அது நிறைவெய்திற்று. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் அரசே பெற்றுக்கொண்டதும் அவ்வாட்சிக் காலத்தில்தான். தனியார் உடைமையாய்க் கிடந்த ஒரு மகாகவியின் சொற்கள் பின்னர் மக்களின் பொதுவுடைமையாவதற்கு அதுவே முதற்படியாயிற்று.

எதிர்வரிசையில் இருந்தோர்

இனி, நம் சமுதாயம் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதிக்கு வருவோம். 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் லீக் 28 இடங்களை வென்றிருந்தது. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்திருந்தவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப். நாட்டுப் பிரிவினையின்போது வடபுலத்தில் இரத்தம் ஆறாக ஓடிற்று. முஸ்லிம்களின் நாட்டுப்பற்றே ஐயத்திற்கு உள்ளாக்கப்பட்ட காலம் அது. அத்தகைய பெருங்கொலைகள் நம் மாகாணத்தில் நிகழவில்லை. இதன் சிறப்பை ஒருவர்க்கே உரியதாக்குதல் முறையன்று. தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டாராய் வாழ்ந்த எளிய மக்களுக்கே அதில் முதற்பங்கு உண்டு. எனினும், ஆட்சியில் இருப்போர் நிதானம் தவறியிருப்பின் நிலைமை வேறாகியிருக்கும் என்பதை மறுத்தற்கில்லை.

1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என வழங்கும் இடத்தில் கூடிய கூட்டத்திலேதான் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருப்பெற்றது. காந்தியடிகள் கொலையுண்டு ஆறு வாரமே கடந்திருந்த நேரம். கொள்கையில் தம்மோடு மாறுபட்ட ஒரு கட்சி, ஆட்சியாளரின் தலைநகரிலேயே வெளிப்படையாகக் கூடி, இந்நாட்டுக் குடிமக்களாக நின்று அரசியல் நடத்துவோம் என முடிவெடுக்க முடிந்தது. மாறுபாட்டைப் பகையாகக் கருதாத ஓர் அரசியற் சூழல் நிலவினால்தான் இஃது இயலும்.

மற்றொன்று வகுப்புவாரி ஆணை. அரசுப் பணிகளிலும் தொழிற்கல்லூரி இடங்களிலும் எவ்வெவ்வகுப்பார்க்கு எத்தனை இடம் என வரையறுத்த அவ்வாணை 1947 நவம்பரில் திருத்தியமைக்கப்பட்டது. 14 இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் அடங்கிய பிரிவுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பகுக்கப்பட்டன. பிற்படுத்தப்பட்டோர்க்குத் தனியிடம் கிடைத்தது அத்திருத்தத்தினால்தான். ஒரு சாரார் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். வேறு சிலர் தம் பங்கு போதாதென்றனர். 1951இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் விளைவாகவே அவ்வாண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்யும் உரிமையை அரசுக்கு வழங்கிற்று. இன்று இக்கல்லூரியில் பயிலும் மாணவர் பலர் பெறும் இடஒதுக்கீட்டின் வரலாற்றில் இதுவும் ஒரு படி.

குறைகளும் கூறவேண்டும்

ஒருவரைப் போற்றுங்கால் குறைகளை மறைப்பது நடுவுநிலையைப் பற்றி எழுதுவோர்க்கு அழகன்று. ஓமந்தூராரின் ஆட்சி 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது. பெரியார் தலைமையில் போராட்டம் மூண்டது. திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படை தடைசெய்யப்பட்டதும் அவ்வாண்டிலேதான். கலைக்களஞ்சியத்திற்கு வித்திட்ட அதே ஆட்சி, தமிழுணர்வின் ஆழத்தை அளந்தறியத் தவறிவிட்டது. அவர் பதவி விலகிய பின், 1950இல், இந்தி மீண்டும் விருப்பப் பாடமாயிற்று. நடுநிலையாளர் தவறே செய்யாதவர் அல்லர் என்பதற்கு இது சான்று.

விலை கொடுத்த நேர்மை

அவருடைய வீழ்ச்சிக்கு இந்தியும் காரணமன்று, எதிர்க்கட்சியும் காரணமன்று. சொந்தக் கட்சியாரின் மனக்குறையே காரணம். இடமாற்றம், உரிமம், ஒப்பந்தம் என்று சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவரும் பரிந்துரைகளுக்கு அவர் இசையவில்லை. ஆட்சியில் கட்சியார் தலையிடலாகாதென்பதில் உறுதியாக நின்றார். எவ்வணிக்கும் உரியவராக நில்லாதவரைக் காக்க எவ்வணியும் முன்வரவில்லை. அவரைக் கொணர்ந்தோரே ஆதரவை விலக்கிக்கொள்ள, 1949 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். பூ. ச. குமாரசாமி ராஜா முதலமைச்சரானார்.

இவ்வகை மனிதர் பிற நாடுகளிலும் உண்டு. ஓமந்தூரார் பதவியை விட்ட அதே 1949ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் மேலவையாகிய செனட்டில் மெய்ன் மாநிலத்தின் சார்பில் அடியெடுத்து வைத்தார் மார்கரெட் சேஸ் ஸ்மித் என்னும் அம்மையார். பொதுவுடைமையாளர் எனப் பலர்மீது பழிசுமத்தி நாட்டையே அச்சுறுத்திக்கொண்டிருந்தார் மெக்கார்த்தி என்னும் உறுப்பினர். இருவரும் குடியரசுக் கட்சியினர். 1950 ஜூன் முதல் நாள், தம் கட்சிக்காரரின் அப்போக்கைக் கண்டித்து அம்மையார் அவையில் உரையாற்றினார். உடன் கையொப்பமிட்டோர் அறுவரே. அதன் பயனாக முக்கியத் துணைக்குழுவொன்றில் தமக்கிருந்த இடத்தை அவர் இழந்தார். நான்காண்டு கழித்து, 1954 டிசம்பரில், அச்செனட்டே மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அம்மையாரோ 1973 வரை அப்பதவியில் நீடித்தார்.

இருவர்க்கும் மொழி வேறு, நாடு வேறு, கொள்கையும் வேறு. எனினும் ஒன்றில் ஒத்தனர். எதிரியைக் கண்டிப்பது எவர்க்கும் எளிது. தம்மைச் சார்ந்தோரிடம் ‘இது தகாது’ என்று கூறுதலே அரிது. நடுநிலையின் உரைகல் அதுவே. மாணவரின் வினாவுக்கு நாம் கூற விரும்பும் விடையும் அதுவே. துலாக்கோல் நடுவில் நிற்பது எடை போடாதிருப்பதற்காகவன்று, சரியாக எடை போடுவதற்காகவே.

வடலூரில் எஞ்சிய வாழ்வு

பதவி விலகிய ஓமந்தூரார் அதிகாரத்தைத் தேடி மீண்டும் அலையவில்லை. வள்ளலாரின் வடலூரை அடைந்து, ஆதரவற்ற சிறார்க்கு இல்லமும் கல்விக்கூடமும் அமைத்துத் தொண்டாற்றினார். 1970 ஆகஸ்ட் 25ஆம் நாள் மறைந்தார். சென்னையில் அவர் பெயரால் வழங்கும் அரசினர் தோட்டத்தில் இன்று பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை இயங்குகின்றது. அவ்விடத்தை நாள்தோறும் கடந்து செல்வோருள், அப்பெயர்க்குரியவர் நம் திண்டிவனத்து உழவர் என்பதை அறிந்தோர் சிலரே. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவான பின் பிறந்த தலைமுறைக்கு அவர் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே நின்றுவிடலாகாது.

சிறுபான்மையினராகிய நாம் ஆட்சியாளரிடம் வேண்டுவது சலுகையா, நீதியா? சலுகை தருவோர் அதனைத் திரும்பப் பெறவும் கூடும். நீதி செய்வோரின் கையில் 14இல் ஒன்றாயினும் அது உரிமையாகும். அதேவேளை, நீதியை வேண்டுவோர் தாமும் நீதியோடு ஒழுகுதல் வேண்டும். பட்டம் பெற்றதும் பரிந்துரைக் கடிதம் தேடிப் புறப்படும் மாணவச் செல்வங்களும், நம்மவர் என்பதற்காகவே தகுதியற்றோர்க்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பெரியோரும், அத்தகைய கடிதங்களை ஏற்க மறுத்ததனாலேயே நாற்காலியை இழந்த அந்த ஓமந்தூர் உழவரை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். உற்றாரே எதிர்நின்றாலும் நீதியின் பக்கம் நிற்கும் உறுதியை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!