கடற்கரை வீதியில் ஒரு மேல்மாடி

கடலைப் பார்த்த வீடு வேண்டுமென்று யாழ்ப்பாணப் பட்டினத்தில் முன்பு யாரும் ஆசைப்பட்டுத் தேடியதில்லை. குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் இருந்தவர்களுக்குத் தோணியும் வலையும் பக்கத்தில் இருக்கவேண்டும், அதனால் கரையோரம் இருந்தார்கள். மற்றவர்கள் நல்லூர், வண்ணார்பண்ணை என்று நல்ல தண்ணீர்க் கிணறுள்ள வளவுகளை நாடினார்கள். பட்டினத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் சிறு வியாபாரிகளும்தான். பெண்பிள்ளைக்குச் சீதனமாக வீடு எழுதிக் கொடுக்கும் ஊரில் வாடகைக்கு இருப்பது ஒரு குறைச்சலாகவே பார்க்கப்பட்டது.

ஆனாலும் அந்த வாடகைக்காரருக்குச் சட்டத்தின் துணை இருந்தது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது. பிணக்குகளைப் பார்க்க வாடகைச் சபை இருந்தது. நினைத்த நேரத்தில் எழுப்பிவிட முடியாது, நீதிமன்றத்தில் காரணம் காட்டவேண்டும். வாடகைக்காரர் இறந்தாலும் கூட இருந்த மனைவி பிள்ளைகள் அதே வீட்டில் தொடரலாம். வருகிற வாடகை வெள்ளையடிக்கவும் காணாது என்ற வீட்டுக்காரரின் புலம்பலிலும் நியாயம் இருந்ததுதான்.

1980 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விடும் குடியிருப்பு வீடுகள் சட்டத்துக்கு வெளியே போயின. கொழும்பில் பழைய வீடுகள் இடியாமல் நின்றதால் அவற்றில் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பும் நிலைத்தது. யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. 1990 இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையிலும் அதற்குப் பிந்திய குண்டுவீச்சுகளிலும் கோட்டைப் பக்கத்துக் கட்டடங்கள் பல தரைமட்டமாகின. அதே ஆண்டு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு சோனகர் தெரு வெறிச்சோடியது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. திரும்பி வந்தவர்கள் கட்டிய சுவர்கள் எல்லாம் 1980 க்குப் பிந்தியவை. போர் வீட்டை மட்டுமல்ல, வாடகைக்காரரின் உரிமையையும் இடித்துவிட்டது. இதை இங்கே யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இன்று பண்ணைப் பாலத்தடியில் பின்னேரம் நடக்கப் போகிறவர்கள் கடலைப் பார்த்த அறைக்கு ஆசைப்படுகிறார்கள். வங்கியிலும் வைத்தியசாலையிலும் வேலைக்கு வந்த இளம் குடும்பங்கள் மேல்மாடி தேடுகின்றன. வீட்டைத் திறந்து காட்டுபவர் அனேகமாகச் சொந்தக்காரரல்ல. கனடாவிலோ லண்டனிலோ இருப்பவருடைய பெரியம்மாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். "பிள்ளை, நல்ல காத்து வரும்" என்பார். உண்மைதான், சோளகம் தொடங்கினால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். ஆனால் ஜன்னல் கம்பியைத் தொட்டால் துரு விரலில் ஒட்டும். குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தால் உவர் தெரியும். பிறகு அந்தக் கேள்வி வரும்: "உங்கடை சொந்த இடம் எது?" ஊரைக் கேட்கிற சாட்டில் சாதியைக் கேட்பதென்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றும் இதைக் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள், வெட்கப்படவேண்டிய கேள்வி.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கொடுத்துவிட்டு முத்திரை ஒட்டிய ஒரு தாளில் கையெழுத்து வைத்ததும் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும். இல்லாவிட்டால் அது மாத வாடகைதான். ஒரு மாத அறிவித்தலோடு முடிக்கலாம். அப்போதும் வழக்கில்லாமல் பூட்டை மாற்றவோ சாமான்களை வெளியே போடவோ வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. பலவந்தமாக வெளியேற்றினால் இரண்டு மாதத்துக்குள் 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம்.

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரரின் பயமும் பொய்யல்ல. பத்து வருடம் ஆட்சியிலிருந்தவர் காணியே தனதென்று வழக்காடுகிற காலம் இது. போரால் காணிக்குத் திரும்ப முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் தனிச் சட்டம் வந்தது. 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், தவணை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க வழி செய்தது. அவர்களுக்கு இரண்டு சட்டம் கிடைத்தது. மேல்மாடியில் இருப்பவருக்கு 1980 க்குப் பிறகு எதுவும் கிடைக்கவில்லை. வாடகைச் சட்டத்தின் அந்தத் திகதியை வடக்கு மாகாணத்துக்காவது மாற்றும்படி எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கவேண்டும். அதுவரை சாவி வாங்க முன்னர், வீட்டைக் காட்டுபவருக்குச் சொந்தக்காரர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடக் குத்தகையை நொத்தாரிசிடம் எழுதி, கட்டிய முற்பணத்தையும் அதிலேயே பதியுங்கள்.