முன்னோட்டமும் முற்பணமும்

எத்தாளை போன்ற கரையோரக் கிராமங்களின் இளைஞரையும் எட்டிவிட்ட கணினி விளையாட்டுகளுக்கு, வெளியீட்டுக்கு முன்னரே இருவகை விளம்பரங்கள் வருகின்றன. டீசர் என்பது ஆவலைத் தூண்டும் சிறு துணுக்கு. 2018இல் வெளியான ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ டீசர், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் மலைகளையும் பெயரையும் மட்டுமே காட்டியது. டிரெய்லரோ கதை, பாத்திரங்கள், சில வேளைகளில் ஆடும் முறை, வெளியீட்டுத் திகதி ஆகியவற்றை விரித்துரைப்பது.

எனினும் இரண்டும் விளம்பரங்களே. ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டின் முதல் டீசர் 2013இல் வந்தது; விளையாட்டு வெளியானதோ 2020 டிசம்பரில். டிரெய்லர்களை நம்பி முற்பணம் செலுத்தியோர் பலர். பிளேஸ்டேஷன் 4இல் அது குறைபாடுகளுடன் இயங்கவே, சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையிலிருந்து சில மாதங்கள் நீக்கி, பணத்தையும் திருப்பியளிக்க நேர்ந்தது.

ஆகவே, உண்மையான ஆட்டக் காட்சியைக் கண்ட பின்னரே பெற்றோர் உழைத்த பணத்தைச் செலவிடுவது விவேகமாகும்.